வீட்டுக் கணினியில் வன்தட்டுகளை அமைக்கும் முறை

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே, செகந்திராபாத்தை ஒட்டி அமைந்துள்ள மல்காஜ்கிரியில் ஓர் இல்லத்தை நம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். இல்லம் கற்பனையே, ஆயினும் இத்தகைய இல்லங்கள் அப்பகுதியில் தெருதோறும் காணப்படும். மனைவி பள்ளி ஆசிரியை. கணவர் நிலத்தடி நீரின் மட்டத்தை அளக்கும் களப்பணியாளர். கூடத்து மூலையில் ஒரு மேசைக் கணினி உள்ளது. ஆசிரியை பல ஆண்டுகளாகத் தயாரித்த வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும், கணவர் கிணறு கிணறாகச் சென்று எடுத்த அளவுகளும், தாத்தாவின் சதாபிஷேகப் படங்களும், வீட்டுப் பத்திரத்தின் நகலும் அதனுள்ளேதான் இருக்கின்றன. கணினியின் வேகம் குன்றிவிட்டது. பொத்தானை அழுத்தினால் வேலைக்கு ஆயத்தமாக ஐந்து நிமிஷம் ஆகிறது. இன்னொரு டிஸ்க் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் கூறுகிறார்.

கடைக்காரர் கூறுவது தவறன்று. ஆனால் எத்தகைய தட்டை வாங்குவது, பழைய தட்டை என்ன செய்வது, இரண்டையும் ஒன்றாக இணைப்பதா அல்லது தனித்தனியே வைப்பதா என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. பெரும்பாலோர் இவ்வினாக்களுக்கு வேகத்தையும் கொள்ளளவையும் வைத்தே விடை காண முயல்கின்றனர். முதலிற் கேட்க வேண்டிய வினா வேறு: இன்றிரவே இத்தட்டு பழுதாகிவிட்டால், மீண்டும் உண்டாக்க முடியாதது யாது? விண்டோஸை மறுபடியும் நிறுவிக்கொள்ளலாம். திரைப்படத்தை மறுபடியும் பெறலாம். ஆனால் சென்ற மே மாதத்தில் ஒரு கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை இந்த மே மாதத்திற் சென்று அளக்க முடியாது. தட்டுகளை அமைக்கும் முறை இவ்வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

வன்தட்டின் இயல்பு

முதல் வன்தட்டு 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராமாக் என்ற கணினியுடன் வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு நிமிஷத்திற்கு 1,200 முறை சுழன்றன. அத்தனையும் சேர்ந்து ஏந்திய செய்தி 50 இலட்சம் எழுத்துக்களே; இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றே ஏறத்தாழ அவ்வளவு இடத்தைக் கொள்ளும். நம் நாட்டிலும் கணினித் தொழிலின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று மல்காஜ்கிரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே நிகழ்ந்தது. அணுசக்தித் துறையின்கீழ் 1967-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பெற்ற இந்திய மின்னணுக் கழகம், டிராம்பேயில் உருவான டி.டி.சி. வரிசைக் கணினிகளை 1970-களில் உற்பத்தி செய்தது. இக்கழகம் அமைந்துள்ள இடம் இன்று மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்திற்கு உட்பட்டது. தேர்தற் பணியில் ஈடுபட்ட ஆசிரியர்கள் இக்கழகத்தின் பெயரை மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்திற் பார்த்திருப்பர்.

கொள்ளளவு பன்மடங்கு பெருகியபோதிலும் வன்தட்டின் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள வட்டமான தட்டு சுழல்கிறது. ஒரு கரத்தின் நுனியிலுள்ள தலை அதன்மேல் சென்று எழுதுகிறது அல்லது படிக்கிறது. தலை தட்டைத் தொடுவதில்லை. தட்டுடன் சுழலும் காற்றின் மெல்லிய படலத்தின்மேல் அது மிதக்கிறது. இடைவெளி ஒரு சில நானோமீட்டர். மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் பருமனுள்ளது என்பதை நினைத்தால், சுழலும்பொழுது தட்டை அசைப்பதோ மேசையைத் தட்டுவதோ ஏன் கூடாது என்பது விளங்கும். தலை மிதப்பதற்குக் காற்று வேண்டியிருப்பதால், சாதாரண வன்தட்டுகளைக் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரையே இயக்கலாமென்று உற்பத்தியாளர்கள் வரையறுக்கின்றனர். மல்காஜ்கிரிக்கு இதனால் கவலையில்லை. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்கு மடிக்கணினியை எடுத்துச் செல்லும் களப்பணியாளர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

வேகக் குறைவின் காரணத்தைச் சிறு கணக்கால் அறியலாம். மேசைக் கணினிகளிற் பொதுவாக உள்ள வன்தட்டு நிமிஷத்திற்கு 7,200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் தலையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லிவினாடி ஆகும். கரம் உரிய தடத்திற்கு நகர மேலும் 9 மில்லிவினாடி எனக் கொள்வோம். ஆக, ஒரு சிறு கோப்பை அடைய 13 மில்லிவினாடி. இது அற்பம் எனத் தோன்றலாம். கணினி துவங்கும்பொழுது ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்கிறது. பதினாயிரம் துண்டுகளுக்கு 130 வினாடி ஆகிவிடும். நீண்ட ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்பதானால் இதே தட்டு வினாடிக்கு 150 மெகாபைட்டுக்குமேல் தரவல்லது. வன்தட்டு சோம்பேறியன்று, ஓடி ஓடித் தேடுவதுதான் அதற்குக் கடினம்.

எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் வழங்கும் திண்ம நினைவகத்தில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. குறைகடத்திச் சில்லுகளில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்திச் செய்தியைக் காக்கிறது. எந்த இடத்தையும் ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியிலோ அதற்கும் குறைவாகவோ அடையலாம். மேற்கூறிய பதினாயிரம் துண்டுகள் ஒரு வினாடிக்குள் வந்துவிடும். கணினியின் மந்தத்திற்குக் காரணம் பழைய வன்தட்டாயின், செயலமைப்பை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவதைக் காட்டிலும் சிறந்த சிகிச்சை இல்லை. இவற்றுள்ளும் இருவகை உண்டு. சாட்டா வடத்தால் இணைப்பது வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் தரும். தாய்ப்பலகையில் நேரே செருகும் என்.வி.எம்.இ. வகை அதைப்போற் பன்மடங்கு தரும். வினாத்தாள் தயாரிப்பதற்கும் அட்டவணை எழுதுவதற்கும் இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அதற்காக அதிகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்துவிடுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். 500 கிகாபைட் கொள்ளளவுள்ள ஒன்று 300 டெராபைட் எழுதுவதைத் தாங்கும் என உத்தரவாதம் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 20 கிகாபைட் எழுதினாலும் அந்த எல்லையை எட்ட 15,000 நாட்கள், அதாவது 41 ஆண்டுகள் ஆகும். உண்மையில் அஞ்சத்தக்கவை வேறு இரண்டு. முதலாவது, எஸ்.எஸ்.டி. பழுதாகும்பொழுது பெரும்பாலும் ஓசையோ முன்னறிவிப்போ இன்றி ஒரேயடியாக நின்றுவிடுகிறது. இரண்டாவது, தவறி நீக்கிய கோப்பை வன்தட்டிலிருந்து சில வேளைகளில் மீட்க முடியும். எஸ்.எஸ்.டி.யிலோ, நீக்கிய இடம் காலியாகிவிட்டது என்று செயலமைப்பு அறிவித்தவுடன் சில்லு அவ்விடத்தைத் துடைத்துவிடக்கூடும். மீட்பு அநேகமாக இயலாது.

ஒரே தட்டை இரண்டாகப் பிரித்தல்

நம் நாட்டில் கணினியைக் கூட்டித் தருபவர்கள் ஒரே தட்டை ‘சி’, ‘டி’ என இரு பிரிவுகளாகப் பிரித்துக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். முக்கியமானதை டி-யில் போடுங்கள், அது பத்திரம் என்று ஓர் அறிவுரையும் உடன் வரும். இதில் உண்மை ஓரளவே உண்டு. விண்டோஸைத் துடைத்து மறுபடி நிறுவ நேர்ந்தால் டி-யிலுள்ளவை தப்பும். ஆனால் இரு பிரிவுகளும் ஒரே அச்சில் சுழலும் ஒரே தட்டின்மேல் வரைந்த கோடுகள். மோட்டார் நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே நிலப்பேழையில் இரண்டு அறைகள் செய்து, ஒன்றில் பத்திரத்தையும் மற்றொன்றில் அதன் நகலையும் வைப்பதுபோன்றது இது. சி-யிலுள்ள கோப்பை டி-யிலும் படியெடுத்து வைத்துவிட்டுக் கவலையின்றி இருப்பவர்கள் பலர். வகுப்பில் இப்பொருளை விளக்கும் ஆசிரியர்கள் இதனையே முதலில் எடுத்துக் கூறுவது நலம்.

பிரிப்பதை ஒட்டி எழும் ஐயம் ஒன்று. ஒரு டெராபைட் என்று விற்ற தட்டு கணினியில் 931 கிகாபைட் என ஏன் காட்டுகிறது? கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி இலட்சம் கோடி பைட்டுகளை ஒரு டெராபைட் என்கிறார். விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்குகிறது. அவ்வாறு வகுத்தால் 931 வரும். இக்குழப்பத்தை நீக்க 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்பக் குழு கிபிபைட், மெபிபைட் முதலிய தனிப் பெயர்களை வகுத்தது. ஆயினும் கடைத்தெருவில் அவை புழக்கத்துக்கு வரவில்லை.

இரண்டு தட்டுகளை ஒன்றாக இணைத்தல்

ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகளை ஒரே தட்டுபோல இயங்கச் செய்யும் முறைகளுக்கு ரெய்டு என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து இப்பெயர் பரவியது. விலையுயர்ந்த பெரிய தட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறிய தட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். வீட்டுக் கணினிக்கு வரக்கூடியவை இரண்டு.

பங்கீட்டு முறையில் ஒவ்வொரு கோப்பும் துண்டுதுண்டாக நறுக்கப்பட்டு இரு தட்டுகளிலும் மாறி மாறி எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உழைப்பதால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது, கொள்ளளவும் வீணாவதில்லை. ஆனால் ஒன்று பழுதானாலும் எக்கோப்பும் முழுமையாக இராது. ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பை நூற்றுக்கு 3 எனக் கொள்வோம். இது மிகையன்று. கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2007-இல் ஏறத்தாழ ஓரிலட்சம் தட்டுகளை ஆராய்ந்து, ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுவது சாதாரணம் எனக் கண்டனர். அவ்வாறாயின் இரண்டும் தப்புவதற்கான வாய்ப்பு 0.97-ஐ 0.97-ஆற் பெருக்கினால் வரும் 0.9409. அதாவது இழப்பின் வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு ஆகிவிடுகிறது. வேகத்தை எஸ்.எஸ்.டி. ஒன்றே தந்துவிடும் இக்காலத்தில், வீட்டில் இம்முறையைக் கையாளக் காரணம் எதுவும் இருப்பதாக இக்கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

பிம்ப முறையில் ஒரு தட்டில் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் வேலை தடைப்படாது. புதியதொன்றை மாட்டினால் அது தானே நிரம்பிக்கொள்ளும். கேட்பதற்கு இது பூரணப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. அதுவே இம்முறையின் அபாயமும் ஆகும்.

இக்கட்டுரையாளரும் ஒரு காலத்தில் தம் வீட்டுக் கணினியில் பிம்ப முறையை அமைத்து, அது போதுமென்று நம்பியிருந்தார். தம் தந்தையார் எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக வருடிப் படமாக்கி ஒரு கோப்புறையில் வைத்திருந்தார். ஒரு நாள் இடத்தைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் அக்கோப்புறையையே நீக்கிவிட்டார். தட்டுகள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. முதல் தட்டு நீக்கிய அதே கணத்தில் இரண்டாவதும் விசுவாசமாக நீக்கியது. கடிதங்களின் மூலப்பிரதிகளில் பாதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சியவற்றையே மறுபடி வருட முடிந்தது.

பிம்பம் என்பது இந்தக் கணத்தின் பிரதி. நேற்றைய நிலையை அது அறியாது. தவறான நீக்கம், தவறாக மேலெழுதிய அட்டவணை, வைரஸ் ஆகிய அனைத்தையும் அது உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளும். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற தீய நிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணயத் தொகை கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணினிகளும் அதற்கு இலக்கானதாக அப்பொழுது செய்திகள் வெளிவந்தன. அத்தகைய நிரலின்முன் பிம்பத் தட்டு இரண்டு பூட்டிய பிரதிகளைத் தருமேயன்றி வேறெதுவும் தராது. ஒரே பெட்டியில் ஒரே மின்வழங்கியிலிருந்து மின்சாரம் பெறும் இரு தட்டுகளை ஒரே மின்னதிர்ச்சி கொல்லவும் கூடும். தாய்ப்பலகையிலேயே உள்ள ரெய்டு வசதியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு சங்கடம் உண்டு: பலகை பழுதாகி, வேறு வகைப் பலகையை மாட்டினால், நல்ல தட்டுகளும் அதற்குப் புரியாமற் போகலாம். தனியாக வைத்த சாதாரணத் தட்டையோ எந்தக் கணினியிலும் செருகிப் படிக்கலாம்.

வேலை ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாத அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பிம்ப முறை இன்றியமையாதது. நம் ஆசிரியையின் கணினி ஒரு மாலைப்பொழுது நின்றால் உலகம் கெட்டுவிடாது. அவருக்கு வேண்டியது இடையறாத இயக்கமன்று. இழந்ததைத் திரும்பப் பெறும் வழி.

இல்லத்திற்கு ஏற்ற அமைப்பு

ஆகவே, தட்டுகள் இரண்டு இருந்தால் அவற்றை இணையாமல் இரண்டாகவே வைப்பதுதான் வீட்டுக்கு உகந்தது. ஒன்று கணினிக்குள் இருக்கட்டும். மற்றொன்று வேண்டும்பொழுது மட்டும் இணைக்கப்படட்டும். மல்காஜ்கிரி இல்லத்திற்கு 500 கிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் புதிதாக வாங்கி, செயலமைப்பையும் அன்றாடக் கோப்புகளையும் அதில் வைக்கலாம். பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருப்பின் அதைக் கழற்றி, யு.எஸ்.பி. வடமுள்ள சிறு உறையில் இட்டால், அதுவே காப்புப் பிரதித் தட்டாகிவிடும். பள்ளிகளிலுள்ள பழைய மடிக்கணினிகளுக்கும் இவ்வழி மிகச் சிக்கனமானது. பழைய தட்டின் நலத்தை அறிய, அது தன்னைப்பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை இலவச நிரல் ஒன்றால் படிக்கவேண்டும். இடம் மாற்றிய துண்டங்களின் எண்ணிக்கை சுழியாக இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தால் அத்தட்டை நம்பவேண்டாம். கூகுள் நிறுவனத்தினர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேற்பரப்பைச் சோதிக்கையில் முதற்பிழை காட்டிய தட்டு, பிழையற்ற தட்டைக் காட்டிலும் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. அதே ஆராய்ச்சியில், பழுதான தட்டுகளுட் பாதிக்குமேல் முக்கிய அறிகுறிகளுள் எதையும் காட்டாமலே போயின. அறிகுறி இருந்தால் நம்பலாகாது. இல்லாததால் நம்பிவிடவும் கூடாது.

மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் என்னும் விதி புகைப்படக்காரர்களிடையே தோன்றிப் பரவியது. மூன்றாவது பிரதியை இணையச் சேமிப்பிற்கு அனுப்பலாம். ஆனால் கணக்கிட்டு இறங்கவேண்டும். 200 கிகாபைட் படங்களை வினாடிக்கு 20 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ 22 மணி நேரம் இடைவிடாது ஆகும். மதிப்பெண் பட்டியல்களும் கிணற்று அளவுகளும் சில மெகாபைட்டுகளே. அவற்றை அன்றன்றே அனுப்பிவிடலாம். படங்களுக்கு இரண்டாவது வெளித்தட்டு ஒன்றை உறவினர் இல்லத்தில் வைப்பது எளிது. தமிழ்நாட்டில் சொந்த ஊருள்ள குடும்பமானால், பொங்கலுக்கு ஒரு தட்டைக் கொண்டுசென்று அங்கே வைத்துவிட்டு, முன்னர் வைத்ததை எடுத்துவரலாம். ஒரு டெராபைட்டைப் படியெடுக்க வினாடிக்கு 125 மெகாபைட் வீதம் இரண்டே கால் மணி நேரந்தான் ஆகும்.

பொருத்தும்பொழுது

புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை நிறுவும் வேளையில் மற்றத் தட்டுகளின் வடங்களைக் கழற்றிவிடவேண்டும். இல்லாவிடில் துவக்கக் கோப்புகள் சில பழைய தட்டில் சென்று அமர்ந்துகொள்ளும். பின்னர்ப் பழையதை நீக்கினால் கணினி துவங்காது. இத்தவறு தொழில் தெரிந்தவர்களிடமும் நிகழ்கிறது. தாய்ப்பலகையில் எம்.2 என்ற செருகுவாய் இருந்தாலும், அது சாட்டா வகையை ஏற்குமா, என்.வி.எம்.இ. வகையை ஏற்குமா என்று கையேட்டிற் பார்த்த பிறகே வாங்கவேண்டும். சில பலகைகளில் எம்.2-வில் ஒன்றைச் செருகினால் சாட்டா வாய்களுள் ஒன்று செயலற்றுப்போகும். புதுத்தட்டு பழையதைக் கெடுத்துவிட்டது என்ற புகார் பெரும்பாலும் இதனால் எழுவதே. இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளுக்குப் பழைய எம்.பி.ஆர். அட்டவணை உதவாது. அதில் துண்டங்களை எண்ண 32 பிட்டுகளே உள்ளன. 512 பைட் துண்டங்களாயின் ஏறத்தாழ 2.2 டெராபைட்டோடு எண்ணிக்கை முடிந்துவிடும். ஜி.பி.டி. அட்டவணையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

காப்புத் தட்டுக்குச் சங்கேதப் பூட்டிடுவது நன்று. மாணவர்களின் மதிப்பெண்கள் அதில் உள்ளன. மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வைக்கவேண்டும். கணினிக்குள்ளேயே சேமித்த சாவி வேண்டிய வேளையிற் கிடைக்காது.

வெப்பமும் மின்சாரமும் மழையும்

ஹைதராபாத்தில் மே மாதப் பகற்பொழுது 40 பாகை செண்டிகிரேடைத் தாண்டுவது புதுமையன்று. இயங்கும் வன்தட்டுகளுக்குப் பெரும்பாலும் 60 பாகை வரை அனுமதி உண்டு. அறை 40 ஆயின், பெட்டிக்குள் இன்னும் பத்துப் பாகை ஏறுவது எளிது. மர அலமாரிக்குள் அடைத்த பெட்டியை வெளியே எடுத்து, முன்புறத் தூசியை மாதமொருமுறை துடைத்தாலே போதும். இங்கு எஸ்.எஸ்.டி.யைப்பற்றி ஓர் எச்சரிக்கை. மின்சாரமின்றிக் கிடக்கும்பொழுது அதிலுள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். வெப்பம் ஏற ஏறக் கசிவு விரைவுபடும். எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், அணைத்து 30 பாகையில் வைத்தால் ஓராண்டு செய்தியைக் காக்கவேண்டும் என்பதே வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.க்களுக்கான தொழில்துறை அளவுகோல். புதியது இதனினும் நெடுங்காலம் காக்கும். ஆயினும் பரணில் பல கோடைகள் கிடக்கப்போகும் பிரதிக்கு வன்தட்டே தகும்.

கோடையிடியின்போது மின்சாரம் திடீரென நின்று திடீரென வருவதை அங்குள்ளோர் அறிவர். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், இக்காலச் செயலமைப்பு தன் அட்டவணையைக் காத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய பக்கத்தைக் காப்பதாக அது வாக்களிக்கவில்லை. பத்து நிமிஷம் தாங்கும் சிறு யு.பி.எஸ். ஒன்று, இரண்டாவது பிம்பத் தட்டினும் அதிகப் பயன் தரும்.

மழை தனிப்பட்ட விஷயம். சபில்குடா, ராமகிருஷ்ணாபுரம் முதலிய ஏரிகளைச் சுற்றி மல்காஜ்கிரியின் குடியிருப்புகள் நெருங்கி வளர்ந்துள்ளன. 2020 அக்டோபர் 13-ஆம் தேதி ஹைதராபாத்தில் பெய்த பெருமழையால் நகரின் தாழ்ந்த பகுதிகள் பலவற்றில் வீட்டின் கீழ்த்தளங்களில் நீர் புகுந்தது. அத்தகைய இரவில் கணினியும் அதன் பக்கத்து இழுப்பறையிலுள்ள காப்புத் தட்டும் சேர்ந்தே நனையும். தட்டு நனைந்துவிட்டால் உலர்த்திப் பார்ப்போம் என்று மின்சாரம் செலுத்தக் கூடாது. அதை அப்படியே மீட்புப் பணி செய்வோரிடம் ஒப்படைக்கவேண்டும். செலவு புதிய கணினியின் விலையையும் மிஞ்சக்கூடும். ஆகவே, வீட்டிலுள்ள பிரதியைத் தரையிலிருந்து உயர்ந்த அலமாரியில், நீர்புகா உறையில் வைப்பதும், ஊரிலுள்ள பிரதியை மறவாது புதுப்பிப்பதும் இவ்விடத்திற்குரிய கடமைகள்.

படியெடுத்தபின் ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்தவுடனும் காப்புத் தட்டை வேறொரு கணினியிற் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்க்கவேண்டும். பெயர்ப்பட்டியல் சரியாகத் தெரிந்தும் கோப்பு திறவாத தட்டுகள் உண்டு. வேலை முடிந்ததும் தட்டைக் கழற்றிவிடவேண்டும். எப்பொழுதும் இணைந்தே இருக்கும் வெளித்தட்டை வன்னாகிரை போன்ற நிரல் உள்தட்டாகவே பாவிக்கும். தட்டின்மேல் வாங்கிய மாதத்தையும் கடைசியாகப் படியெடுத்த தேதியையும் எழுதி ஒட்டுவது, சமையலறைப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதுபோல் எளிய வேலை, செய்வோர் சிலரே.

இறுதியாக, ஒதுக்கிவிடும் தட்டைப்பற்றி. பழைய வன்தட்டைக் காயலான் கடைக்கோ வேறு பள்ளிக்கோ கொடுக்குமுன் ‘ஃபார்மட்’ செய்தால் போதுமென்பது தவறு. விரைவு ஃபார்மட் பெயர்ப்பட்டியலை மட்டும் நீக்கும். மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் அடியில் அப்படியே கிடக்கும். முழு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து இரவு முழுவதும் ஓடவிடவேண்டும். சுழலாது நின்றுவிட்ட வன்தட்டாயின், மூடியைத் திறந்து தட்டுகளின்மேல் ஆணியால் நன்கு கீறிவிடவேண்டும். கண்ணாடியால் செய்த தட்டுகளும் உண்டு. அவை சிதறுமாதலால் துணியாற் சுற்றிக்கொண்டு செய்யவும்.